ஜூல் பெருமகனாரும் அவர்தம் உஷ்ணமானியும்

பெரியோர் சிலருடைய பெயர்கள், அவர்கள் மறைந்த பின்னர் அளவைகளின் பெயர்களாகி விடுகின்றன. வாட், வோல்ட், ஆம்பியர் என்று நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு உலவிய மாந்தரின் குடிப்பெயர்கள். பெயர் நாவில் நிற்க, அதற்குரியார் நினைவினின்று நீங்கிவிடுகின்றனர். அங்ஙனம் நீங்கினோருள் ஒருவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர். அவரது வாழ்வினை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

எம் ஊராகிய கயத்தாற்றைத் தமிழகம், 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடமென்றே பெரிதும் அறியும். இந்நாளில் அவ்வூரைக் கடந்து செல்வோர், வானளாவி நின்று சுழலும் காற்றாலைகளையும் காண்பர். காற்றின் இயக்கம் இறகுகளைச் சுழற்றுகின்றது. இறகுகளின் சுழற்சி மின்சாரமாகின்றது. அம்மின்சாரம் நம் இல்லங்களில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகின்றது. மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று குறிக்கப்படுவது 36 இலட்சம் ஜூல் ஆகும். இயக்கம், மின்சாரம், வெப்பம் என்னும் மூன்றையும் ஒரே கோலால் அளக்கலாம் என்பது இன்று பள்ளி மாணாக்கரும் அறிந்த செய்தி. இதனைத் தம் கையாலும் கண்ணாலும் உலகிற்கு மெய்ப்பித்தவர் ஒரு பேராசிரியர் அல்லர். பீர் காய்ச்சும் தொழிற்சாலையொன்றின் உரிமையாளர் மகன். அவர் அதற்குத் துணையாகக் கொண்ட கருவி ஓர் உஷ்ணமானி. நல்ல உஷ்ணமானி இன்னதென்று தேர்ந்து கொண்டதே அவரது வெற்றியின் பெரும்பகுதி என்பது எம் கருத்து.

பிறப்பும் கல்வியும்

ஜூல் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் நாள், மான்செஸ்டர் நகரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல். தாயார் ஆலிஸ் பிரெஸ்காட். குடும்பத்தின் செல்வம் பீர்த் தொழிலால் வந்தது. ஜூல் இளமையில் முதுகெலும்பு வலிமை குன்றியிருந்தமையால் மெலிந்த உடலினராய், பிறரோடு கலந்து பழகக் கூசும் இயல்பினராய் வளர்ந்தார். பள்ளிக்கு அனுப்பாது இல்லத்திலேயே ஆசிரியர்களைக் கொண்டு அவருக்குக் கல்வி புகட்டினர்.

1834-ஆம் ஆண்டில் தந்தையார் அவரையும் அவர் தமையனாரையும் ஜான் டால்ட்டனிடம் கல்வி பயில அனுப்பினார். அணுக்கொள்கையை நிலைநாட்டிய அப்பெரியார் அக்காலத்தே மான்செஸ்டரில் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். சிறுவர் இருவரும் இரசாயனம் கற்கலாம் என்னும் ஆவலோடு சென்றனர். டால்ட்டனோ எண்ணும் கணிதமும் வடிவக் கணிதமும் முற்றக் கற்பித்த பின்னரே அடுத்ததைத் தொடக்கூடியவர். 1837-ஆம் ஆண்டில் டால்ட்டன் வாதநோயால் தாக்குண்டமையின் கல்வி இடையே நின்றது. ஆயினும் அளவின்றி அறிவில்லை என்னும் எண்ணம் அவ்விளைஞரின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. சர்வகலாசாலையில் பயின்று பட்டம் பெறாமலும், எந்தக் கல்லூரியிலும் ஆசிரியப் பதவி வகியாமலும் தம் வாழ்நாளைக் கழித்த ஜூலுக்கு அதுவே பெருமுதலாயிற்று.

தொழிற்சாலை என்னும் பள்ளி

அவரது மற்றொரு பள்ளி, தந்தையின் தொழிற்சாலை. கல்லூரி மலரில் மதுத்தொழிலைப் பற்றி விரிக்கலாமோ என ஐயுறும் அன்பர்களுக்கு ஒரு சொல்: யாம் இங்கே போற்ற வந்தது மிடாவில் உள்ளதை அன்று, மிடாவினுள் இட்ட அளவுகோலை.

பீர் செய்வதற்கு வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி நொறுக்குவர். அதனை வெந்நீரில் ஊறவிடுங்கால், தானியத்தில் உள்ள மாவுப்பொருள், அதனோடு உடனுறையும் என்ஸைம்களால் சர்க்கரையாக மாறுகின்றது. இம்மாற்றம் செவ்வனே நிகழ, நீரும் மாவும் கலந்த கலவை ஏறத்தாழ 150 டிகிரி பாரன்ஹீட், அஃதாவது 65 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் நிற்றல் வேண்டும். அதனின் மிகத் தாழ்ந்தால் மாற்றம் தாமதப்படும்; 170 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் என்ஸைம்கள் அழிந்துபோம். இடைப்பட்ட எல்லையினுள்ளும் நான்கைந்து டிகிரி ஏறியிறங்கின் பானத்தின் சுவையும் செறிவும் மாறிவிடும். பின்னர் அச்சாற்றைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் இடுவர். ஆறுமுன் இட்டால் ஈஸ்ட் மடியும். மிகக் குளிர்ந்த பின் இட்டால் உறங்கிக் கிடக்கும். புளிக்குங்கால் சாறு தானே வெப்பத்தைப் பிறப்பிக்கின்றமையின் அப்பொழுதும் இடைவிடாது காவல் வேண்டும். ஆகவே இத்தொழில் முதலிலிருந்து முடிவுவரை உஷ்ணநிலையைப் பேணும் தொழிலேயாகும்.

பழங்காலத்துத் தொழிலாளர் உஷ்ணமானியின்றியே இதனைச் செய்தனர். வெந்நீரில் விரலை நனைத்துப் பார்ப்பர். ஆவி அடங்கி நீரில் தம் முகம் தெரியும் பதம் வந்ததோ என்று குனிந்து நோக்குவர். நம் தேரிக்காட்டுப் பனையோலைக் குடிசைகளிலே பதநீர் காய்ச்சும் மகளிர், பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்ததறிந்து சிரட்டையில் வார்க்கும் திறம் இதனை ஒத்தது. அனுபவ அறிவை இகழ்தல் எம் நோக்கமன்று. ஆயினும் ஒருவர் விரலறிந்த பதத்தை மற்றொருவர்க்கு எழுத்தால் அனுப்புதல் இயலாது. எண்ணால் அறிந்ததை இயலும். 1714-ஆம் ஆண்டளவில் பாரன்ஹீட் என்பார் பாதரச உஷ்ணமானியைச் செம்மைப்படுத்திய பின்னரும், அது மதுத்தொழிலில் புகுவதற்கு நெடுநாட் சென்றது. 1758-ஆம் ஆண்டில் மைக்கேல் கோம்புரூன் என்னும் இலண்டன் தொழிலாளர் நூலொன்று வெளியிட்டு உஷ்ணமானியின் பயனை வலியுறுத்தினார். பேவர்ஸ்டாக் என்னும் மற்றொருவர், புதுமையை வெறுத்த தந்தையின் கண்ணில் படாதவாறு உஷ்ணமானியை ஒளித்து வைத்தே பயன்படுத்தினார் என்பர். ஜூல் தொழிலுக்கு வந்த காலத்திலோ உஷ்ணமானி இன்றித் தொழிற்சாலை இல்லை என்னும் நிலை ஏற்பட்டுவிட்டது. அரசாங்கத் தீர்வை அதிகாரிகளும் அளவுகோல்களோடு வந்து சோதித்தனர். ஓர் எண் பிழைத்தால் சரக்கும் பொருளும் ஒருங்கே பிழைக்கும் இடத்திலேதான் ஜூலின் கண்கள் பழகின.

மின்சாரத்தினின்று வெப்பத்திற்கு

தொழிற்சாலையில் நீராவி இயந்திரங்களுக்கு நிலக்கரி வேண்டியிருந்தது. புதிதாகத் தோன்றிய மின்காந்த இயந்திரம் அதனினும் மலிவாக வேலை செய்யுமோ என்னும் வினா இளைஞரைப் பற்றியது. தந்தை இல்லத்தில் அமைத்துக் கொடுத்த சோதனைச் சாலையில் ஓய்வு நேரமெல்லாம் உழைத்து, 1838-ஆம் ஆண்டில், அஃதாவது எம்மை ஒத்த பத்தொன்பது வயதில், தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். சின்னாளில் விடையும் கிட்டியது; அது அவர் விரும்பியதன்று. மின்கலத்தில் கரையும் துத்தநாகம், அதே நிறையுள்ள நிலக்கரி நல்ல இயந்திரத்தில் செய்யும் வேலையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே செய்தது. விலையோ பன்மடங்கு மிகுதி. ஆதாயம் கருதியவன் இவ்விடத்தே நின்றிருப்பான். ஜூலோ தோல்வியின் கணக்கைத் துருவி, எரிந்த பொருளுக்கும் நிகழ்ந்த வேலைக்கும் பிறந்த வெப்பத்திற்கும் இடையே நிலையான விகிதம் உண்டென்று உணரத் தலைப்பட்டார். கம்பியில் ஓடும் மின்சாரம் எழுப்பும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் கம்பியின் தடைக்கும் ஏற்றவாறு அமையும் என்னும் விதியை 1840, 1841-ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தார். இன்றும் அது ஜூல் விதி எனவே வழங்குகின்றது.

அக்காலத்துப் பெரும்பாலோர் வெப்பத்தை ஒரு நுண்ணிய பாய்பொருளாகவே கருதினர். அப்பொருள் ஒரு பண்டத்தினின்று மற்றொரு பண்டத்திற்குச் செல்லுமேயன்றிப் புதிதாகப் பிறவாது. அழியவும் செய்யாது என்பது அவர்தம் கொள்கை. பீரங்கி துளைக்குங்கால் ஓயாது எழும் வெப்பத்தைக் கண்டு ரம்ஃபோர்டு பிரபு 1798-ஆம் ஆண்டிலேயே இதனை மறுத்திருந்தும் பழங்கொள்கை வீழவில்லை. இத்துணை வேலை இத்துணை வெப்பம் என்று ஒருவர் எண்ணால் நிறுவினாலன்றி அது வீழாது. அவ்வெண்ணைத் தேடுவதே ஜூலின் வாழ்வாயிற்று. ஓர் இராத்தல் நீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்கும் வெப்பம், எத்தனை இராத்தல் எடையை ஓர் அடி உயர்த்தும் வேலைக்கு ஒப்பாகும் என்பதே வினா.

1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அயர்லாந்தின் கார்க் நகரிற் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில் தம் முதல் விடையைப் படித்தார், அது 838. கேட்டோர் வாளா இருந்தனர். சிறு துளைகளின் வழியே நீரைப் பாய்ச்சிக் கண்ட மற்றொரு விடை 770. காற்றை அழுத்திக் கண்ட விடை 798. அக்காற்றாய்வினை 1844-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்திற்கு அனுப்பியபோது அவர்கள் அதனை முழுமையாக வெளியிட மறுத்தனர். அடுத்த ஆண்டில் வேறொரு பத்திரிகையிலேயே அது வெளிவந்தது. மறுத்தோரை முற்றும் குறைகூற யாம் துணியோம். ஒரு டிகிரியின் சிறு கூறுகளைக் கண்டதாகப் பீர் வணிகர் மகன் ஒருவர் கூறுங்கால், அவை மெய்யாகவே கண்டவையோ, கண்ட மயக்கமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையத்தை நீக்கவல்லது வாதமன்று, கருவியே.

உஷ்ணமானியைத் தேர்ந்த வகை

மான்செஸ்டரில் ஜான் பெஞ்சமின் டான்ஸர் என்னும் கருவி செய்வோர் இருந்தார். உருப்பெருக்கி முதலியன அமைப்பதிற் கைவல்லவர். ஜூல் அவரை நாடினார். இருவரும் கூடிச் செய்த வேலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் உஷ்ணமானி தேர்வார்க்கெல்லாம் அது பாடமாகும்.

உஷ்ணமானியின் நுண்குழல் அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலமுடையதாயிருத்தல் அரிது. ஓரிடத்து விரிந்தும் ஓரிடத்துச் சுருங்கியும் இருக்கும். விரிந்த இடத்தில் பாதரசம் குறைவாக ஏறும். சுருங்கிய இடத்தில் மிகுதியாக ஏறும். சாதாரணக் கருவி செய்வோர் இதனைக் கருதாது, பனிக்கட்டி உருகும் புள்ளியையும் நீர் கொதிக்கும் புள்ளியையும் குறித்து, இடைப்பட்டதைச் சமக் கோடுகளாகப் பகுத்துவிடுவர். அவ்விரு புள்ளிகளிலும் மெய்கூறும் அக்கருவி இடையிலெல்லாம் பொய் கூறலாம். ஜூலும் டான்ஸரும் குழலினுள் பாதரசத்தின் சிறு துண்டொன்றைப் புகுத்தி, அதனைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோரிடத்தும் அதன் நீளத்தை நகரும் உருப்பெருக்கியால் அளந்தனர். துண்டு நீண்ட இடம் குழல் சுருங்கிய இடம். துண்டு குறுகிய இடம் குழல் விரிந்த இடம். இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பிரிவும் சமமான கொள்ளளவைக் காட்டுமாறு கண்ணாடியின்மீதே கோடுகள் பொறிக்கப்பட்டன. இங்ஙனம் அமைந்த கருவியில், ஒரு டிகிரி பாரன்ஹீட்டில் இருநூறில் ஒரு பங்கையும் தாம் கண்ணால் மதிக்கவல்லதாக ஜூல் கூறினார்.

கோடுகள் நெருங்கியிருப்பது மாத்திரம் மெய்ம்மையாகாது என்பதை இங்கே நாம் உணர்தல் வேண்டும். நூறு கோடுகள் பொறித்த பொய்யுஷ்ணமானி, பத்துக் கோடுகள் பொறித்த மெய்யுஷ்ணமானியினும் தீயது. அது தன் பிழையை அழகிய எண்களால் மறைக்கின்றது. தசமப் புள்ளிக்குப் பின்னும் எண் காட்டுகின்ற இக்கால மின்னணுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். கருவியை வாங்கியவுடன் நன்னீர்ப் பனிக்கட்டி உருகும் கலவையில் இட்டு, பூஜ்யம் காட்டுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். கொதிநீரில் இட்டுப் பார்ப்போர் ஊரின் உயரத்தையும் கருதல் வேண்டும். கடற்கரைத் தூத்துக்குடியில் 100 டிகிரியிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் கொடைக்கானலில் 93 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். இவ்விரண்டோடும் அமையாது, தம் தொழிலுக்கு வேண்டிய உஷ்ணநிலை எதுவோ, அவ்விடத்திலும் நம்பத்தக்க வேறொரு கருவியோடு அதனை ஒப்பிடல் தகும். 65 டிகிரியில் வேலை செய்வார்க்கு 65-இல் உண்மை வேண்டும். பூஜ்யத்திலும் நூறிலும் மாத்திரம் உண்மை கூறும் கருவி அவருக்கு நண்பனன்று.

துடுப்பும் நிலவறையும்

1845-ஆம் ஆண்டில் ஜூல் தம் புகழ்பெற்ற துடுப்புக் கருவியைக் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். பின்னர் அதனை மேன்மேலும் செம்மைப்படுத்தி, தம் இறுதியான ஆய்வினைப் பாரடே வாயிலாக 1849-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் முன்வைத்தார். செம்புப் பாத்திரமொன்றில் நீர். அதனுள் பித்தளைத் துடுப்புகள். வெளியே கயிற்றில் தொங்கும் ஈயக் குண்டுகள். குண்டுகள் இறங்கத் துடுப்புகள் சுழன்று நீரைக் கலக்கும். இரு குண்டுகளும் கூடி ஏறத்தாழ 58 இராத்தல். ஒருமுறை இறங்கும் தூரம் ஐந்தேகால் அடி. மீண்டும் சுற்றியேற்றி இருபது முறை இறக்குவர். இத்துணை உழைப்பின் முடிவில் நீரின் உஷ்ணநிலை ஏறிய அளவு என்னை? ஒரு டிகிரி பாரன்ஹீட் அன்று. அரை டிகிரிக்குச் சற்று மிகுதி, ஏறத்தாழ 0.57 டிகிரியே.

இவ்வெண்ணைச் சிறிது சிந்திப்போம். உஷ்ணமானி ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு பிழைத்திருப்பினும், இறுதி விடையில் பதின்மூன்று, பதினான்கு அடி-இராத்தல் பிழை நேர்ந்துவிடும். முழு டிகிரி மாத்திரம் காட்டும் கருவியாயின் துடுப்பு சுழன்றதற்கு அடையாளமே தோன்றியிராது, பழங்கொள்கையே வென்றிருக்கும். இரு கொள்கைகளுக்கு இடையே நடுவராக நின்றது அக்கண்ணாடிக் குழல்.

ஜூல் இச்சோதனையை உஷ்ணநிலை எளிதில் மாறாத விசாலமான நிலவறையில் நடத்தினார். தம் உடலின் வெப்பம் பாத்திரத்தைத் தாக்காதவாறு நடுவே ஒரு மரத்திரையை நிறுத்தினார். சுற்றுக்காற்றால் கூடிய வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கணக்கிட்டுக் கழித்தார். நீரைக்கொண்டு மாத்திரம் நாற்பது முறை செய்தார்; பாதரசத்திலும், வார்ப்பிரும்பின் உராய்விலும் வேறாகச் செய்து ஒப்புநோக்கினார். முடிவில் அவர் கொண்ட எண் 772. கடந்த நூற்றாண்டின் இறுதியில், வரலாற்று ஆராய்ச்சியாளர் ஓட்டோ சிபும் அக்கருவியைப் போன்றதொன்றைப் புதிதாக அமைத்துச் சோதித்தபோது, அருகே நிற்கும் மனிதரின் உடற்சூடே சோதனையைக் கெடுக்கவல்லது என்பதைக் கண்டார். பெரிய மிடாக்களின் இடையே நாளும் உஷ்ணநிலை நோக்கிப் பழகிய தொழிற்பயிற்சி ஜூலுக்கு எத்துணை உதவியிருக்கும் என்பதை அம்மறுசோதனை தெளிவாக்கிற்று.

நூல் வெளியான விதத்திலும் ஒரு துன்பம் இருந்தது. உராய்வென்பது வேலை வெப்பமாக மாறுதலே என்று அவர் எழுதிய இறுதி முடிவினை, பரிசீலித்த குழுவினர் விரும்பாமையால் நீக்க நேர்ந்தது. எண்ணை ஏற்றுக்கொண்டனர், எண் உரைத்த பொருளை ஏற்கத் தயங்கினர். ஜூல் பூசலிட்டாரல்லர். எண் நின்றால் பொருள் தானே நிற்கும் என்பதைக் காலம் காட்டிற்று.

நண்பரும் அருவியும்

1847-ஆம் ஆண்டு ஜூலின் வாழ்வில் சிறந்த ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் மான்செஸ்டரில் தூய ஆன் ஆலயத்தைச் சார்ந்த படிப்பகத்தில் பொதுமக்கட்குத் தம் கொள்கையை விளக்கினார். இயற்கையில் அமைந்த ஆற்றல் வடிவம் மாறுமேயன்றி அழியாது. படைத்தவனையன்றி அதனை அழிக்கவல்லார் இல்லை என்பது அவரது உறுதியான நம்பிக்கை. ஜூன் மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில், தலைவர் அவரைச் சுருக்கமாகப் பேசுமாறு பணித்தார். பேச்சு யாதொரு கவனமும் பெறாது மறைந்திருக்கும். ஆனால் வில்லியம் தாம்ஸன் என்னும் இளம் பேராசிரியர் எழுந்து வினாக்கள் எழுப்பினார். பிற்காலத்தே கெல்வின் பிரபு எனப் புகழ் பெற்றவர் அவரே. முதலில் ஐயுற்ற அவர், பின்னர் ஜூலின் ஆருயிர் நண்பரானார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜூல் அமீலியா கிரைம்ஸ் என்னும் நங்கையை மணந்து, ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே தாம்ஸன் தற்செயலாக அவரைச் சந்தித்தார். புதுமணவாளர் கையில் நீண்ட உஷ்ணமானியொன்று இருந்ததாகவும், அருவியின் உச்சியிலும் அடியிலும் நீரின் உஷ்ணநிலையை அளக்க அவர் முயன்றதாகவும் தாம்ஸன் பிற்காலத்துக் கூறினார். நீர் வீழும் வேகம் வெப்பமாக மாறுமாயின், அடியில் உள்ள நீர் சிறிது சூடாயிருத்தல் வேண்டுமன்றோ? குற்றாலத்து அருவியில் நீராடுவோர்க்கு இது நம்பத்தகாததாகத் தோன்றும். இன்றைய கணக்கின்படி 778 அடி வீழ்ந்தாலன்றி ஒரு டிகிரி பாரன்ஹீட் ஏறாது. அதற்கிடையே திவலைகள் ஆவியாகி அவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆல்ப்ஸ் அருவியிலும் திவலையின் மிகுதியால் அளவு எடுக்க இயலவில்லை. உஷ்ணமானி எத்துணை உண்மையானதாயினும் அதனை வைக்கும் இடமும் உண்மையானதாயிருத்தல் வேண்டும் என்பது அருவி புகட்டிய பாடம்.

பிற்கால வாழ்வு

1850-ஆம் ஆண்டில், தம்மை ஒருமுறை மறுத்த இராயல் சங்கத்தில் ஜூல் உறுப்பினரானார். 1852-இல் அரச பதக்கமும் 1870-இல் கோப்லி பதக்கமும் அவரை அடைந்தன. அடர்த்தியான வாயு நுண்துளைகளின் வழியே விரிந்து செல்லுங்கால் குளிர்வதை அவரும் தாம்ஸனும் கூடி ஆராய்ந்தனர். பிற்காலத்தே காற்றைத் திரவமாக்கும் கலைக்கு அதுவே வழிகாட்டிற்று. அவ்வாய்விலும் சிறு உஷ்ணநிலை வேறுபாடுகளைப் பிழையின்றிக் காணும் திறமே முதல்.

துன்பமும் அவரை விட்டுவைக்கவில்லை. 1854-ஆம் ஆண்டில் மனைவியார் இரு குழந்தைகளை விட்டு மறைந்தார். தொழிற்சாலையும் அவ்வாண்டளவில் விற்கப்பட்டது. முதுமையில் செல்வம் சுருங்கியது. 1878-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. வெப்பமும் வேலையும் ஒப்பென்னும் கொள்கையை 1842-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் மாயர் எழுதியிருந்தமையின், யார் முந்தியவர் என்னும் பூசலும் எழுந்தது. மாயர் எண்ணத்தால் கண்டவர். ஜூல் சோதனையால் நிறுவியவர். இருவர்க்கும் உரிய சிறப்பை இருவர்க்கும் அளித்தலே நடுநிலை.

ஜூலின் இயல்பை விளக்க ஒரு செய்தி போதும். புதிதாகச் செய்த உஷ்ணமானியின் கண்ணாடி, உருக்கி வார்த்த பின்னர் பல்லாண்டுகள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றது. அதனால் பனிக்கட்டியிலிட்டபோது பாதரசம் முன்னின்ற கோட்டிற்கு மேலே நிற்கத் தொடங்கும். ஜூல் தம் உஷ்ணமானியொன்றை 1844-ஆம் ஆண்டு முதல் 1882-ஆம் ஆண்டு வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள் இடையிடையே சோதித்து, அதன் பூஜ்யம் முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் உயர்ந்து வந்ததைக் குறித்து வைத்தார். மனைவியை இழந்தார், தொழிலை விட்டார், புகழும் பெற்றார், முதுமையும் எய்தினார், இத்தனைக்கும் இடையே அப்பழைய கருவியின் பிழையை அளப்பதை மாத்திரம் விட்டாரல்லர். தாம் நம்பிய கருவியையே தாம் ஐயுற்று நோக்கிய இவ்வொழுக்கத்தை யாம் பெரிதும் வியக்கின்றோம்.

1878-ஆம் ஆண்டில் வெளியிட்ட இறுதிச் சோதனையில் அவர் கண்ட எண் 772.55. 1889-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள், மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள சேல் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அதே ஆண்டில் கூடிய மின்னியலார் மாநாடு அவர் பெயரை அளவையாக ஏற்றது. 1948-ஆம் ஆண்டில் உலக அளவை மாநாடு வெப்பத்தையும் ஜூலாலேயே அளத்தல் வேண்டும் என்று வகுத்தது. வெப்பமும் வேலையும் ஒன்றே என்னும் கொள்கை அங்ஙனம் அளவைச் சட்டமாயிற்று. மான்செஸ்டர் நகர மன்றத்தில் அவரது சிலை தம் ஆசான் டால்ட்டனின் சிலைக்கு எதிரே வைக்கப்பட்டது.

அவரது கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. இன்று நாம் கொள்ளும் எண்ணோ ஏறத்தாழ 778. அமெரிக்க அறிஞர் ரோலண்டு 1879-ஆம் ஆண்டளவில் மீண்டும் சோதித்து, பாதரச உஷ்ணமானி காற்று உஷ்ணமானியோடு முற்றும் ஒத்துச் செல்லாமையை விளக்கி, ஜூலின் எண்ணைச் சற்றே உயர்த்தித் திருத்தினார். ஆகவே கல்லில் பொறித்த எண் நூற்றுக்கு ஒன்றினும் குறைவான பிழையுடையது. இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது என்பதே எம் துணிபு. தாம் செய்த சோதனையையும், கொண்ட கருவியையும், கழித்த பிழைகளையும் அவர் ஒளியாது எழுதி வைத்தமையால் அன்றோ பின்வந்தோர் அப்பிழையைக் கண்டு திருத்த இயன்றது? பிழையே இல்லாத அளவுகோல் உலகில் இல்லை. தன் பிழை இத்துணையென்று கூறவல்ல அளவுகோலே மெய்யான அளவுகோல். உஷ்ணமானி தேர்வார் இதனைக் கருதுக. கற்பாரும் கற்பிப்பாரும் தம்மை அளந்து பார்க்குங்கால் இதனையே கருதுக.